மலை ஏறக் கூடாத வருஷம்

உ

ஓசூர்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம், அங்கு உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் என் கைக்குப் பழக்கம். இப்போது அப்படி எழுதினால் அது பொய். அனைவரும் என்று சொல்ல இந்த வீட்டில் நானும் உன் அம்மாவும்தான் மிச்சம், நாங்கள் இரண்டு பேரும் நலமாக இல்லை. நீயும் நலமாக இல்லை என்று மாப்பிள்ளை எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். சொன்னதற்காக ஸ்ரீராமிடம் சண்டைக்குப் போகாதே, அவர் பயந்துபோய்ச் சொன்னார். தட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறாயாம். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாயாம். ஜன்னல் ஓரம் வைத்திருந்த அம்மன் படத்தைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாயாம். எனக்கும் நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாய், அப்பா, சாமி இருக்காப்பா, இருந்தா அன்னிக்குக் காலையில எங்க போச்சு என்று. அதை எத்தனையோ முறை போட்டுக் கேட்டுவிட்டேன், பதில் மட்டும் சொல்லவில்லை. போனில் நீ அழ ஆரம்பித்தால் சரி சரி சாப்பிடு என்று சொல்லிக் கட் செய்துவிடுகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து அயர்லாந்து கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மேலே பிள்ளையார் சுழி இருப்பதைப் பார்த்து அப்பாவுக்கு மனசு ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. போடக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், கை தானாகச் சுழித்துவிட்டது, அடித்துவிட மனசு வரவில்லை.

உன் அம்மாவைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். உன் தம்பி சுபாஷ் ஆவணியில் போனான், புரட்டாசியும் போய்விட்டது, ஆனால் வீடு இன்னும் அவனுடைய ஷிப்ட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு முதல் ஷிப்ட் வாரம் என்றால் விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து டப்பாவில் கட்டி மேசைமேல் வைக்கிறாள். இரண்டாம் ஷிப்ட் என்றால் மதியத்துக்குள் சோறு வடித்துக் கட்டிவிட வேண்டும். மூன்றாம் ஷிப்ட் வாரம் வந்துவிட்டால் பகலில் டிவி போடக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பூங்கொடி குக்கரை விசிலுக்கு விட்டாலும் இவள் போய், புள்ள தூங்குறான்த்தா என்று சொல்லிவிட்டு வருகிறாள். அந்தப் பெண்ணும் சரிங்கக்கா என்று அடுப்பை அணைத்துவிடுகிறது. எனக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று குழம்பிப்போகிறது, அவளுக்கு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பொறுக்க முடியாமல் ஒரு நாள், கருப்பாயி, அவன் இல்லடி என்று சொல்லிவிட்டேன். தெரியும்ங்க, எனக்குத் தெரியாதா, கை சும்மா இருக்க மாட்டேங்குது என்றாள். புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள், அதெல்லாம் இல்லை. அவளுக்குப் புத்தி நன்றாகவே இருக்கிறது, இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது தண்ணீர்தான். உனக்கு இதுவரை சொல்லவில்லை, வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சொல்ல வேண்டாம் என்று மறைத்துவிட்டேன். டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோவாள், அப்படியே கீழே வைத்துவிடுவாள். எம்புள்ள ரோட்டுல கெடந்து தண்ணி கேட்டிருப்பானே, யாரு குடுத்திருப்பா என்பாள். அது ஒன்றுதான் அவள் வாயில். மோரைக் கரைத்துக் கொடுத்தால் இரண்டு மடக்கு இறங்கும், வெறும் தண்ணீர் இறங்காது. மயங்கி விழுந்தவளை ஒருநாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக் கூட்டி வந்தேன். நடந்தது உனக்குத் தெரியும். மூன்றாம் ஷிப்ட் முடித்து அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான், ஜூஜுவாடி தாண்டுவதற்குள் ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை உயிர் இருந்தது, ஆஸ்பத்திரி போவதற்குள் இல்லை. நடுவில் அந்தக் கொஞ்ச நேரம் அவன் எப்படிக் கிடந்தான், பக்கத்தில் யாராவது இருந்தார்களா, இதைச் சொல்ல எங்களுக்கு ஆளே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கவரில் அவன் சாமான்களைப் போட்டுக் கொடுத்தார்கள், கம்பெனி ஐடி கார்டு, வாட்ச், பச்சைப் புடவையிலிருந்து கிழித்தது போல ஒரு துணி. துணி நம்முடையது இல்லை, யாருடையதோ மாறி வந்துவிட்டது என்று தூக்கிப் போடப் போனேன், உன் அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

என்னைக் கேட்டால், நான் கோபத்தில் இருக்கிறேன். சந்திரசூடேஸ்வரரும் மரகதாம்பாளும் இருக்கிற மலையை நான் எத்தனை பௌர்ணமிக்கு ஏறியிருப்பேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த புதிதில் இந்த ஊரில் பாஷையும் புரியாமல், ஒருத்தன் தெலுங்கில் பேச ஒருத்தன் கன்னடத்தில் பேச, நான் மனசுவிட்டுப் பேசிய ஒரே ஆள் அந்த மலைமேல் இருந்தவர்தான். வேலை நிரந்தரமானதும் ஏறினேன், நீ பிறந்ததும் ஏறினேன், அவனுக்கு அப்பாயின்ட்மென்ட் வந்ததும் ஏறினேன். இப்போது போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டினால் பங்காளி பூபதி குறுக்கே நிற்கிறான். துக்க வீட்டுக்காரங்க ஒரு வருசத்துக்கு மலை ஏறக் கூடாதுண்ணே, ஒங்களுக்குத் தெரியாததா என்கிறான். தெரியும், நானே எத்தனையோ பேருக்குச் சொல்லித் தடுத்திருக்கிறேன். சொல்லும்போது அது எனக்கு ஒரு சம்பிரதாயமாகத்தான் தெரிந்தது. சந்தோஷமாக இருக்கிறவன் ஏறலாம், பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஏறக் கூடாது என்றால், ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்கு அனுமதி இல்லை என்று போர்டு வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது. அதனால் அடிவாரத்தில் போய் நின்றுகொண்டு மேலே பார்த்துத் திட்டுகிறேன். மிஷின் ஷாப்பில் எங்களுக்கு ஒரு விதி உண்டு, அடுத்த ஷிப்ட் ரிலீவர் வந்து கைமாற்றிக்கொள்ளாமல் மிஷினை விட்டு இறங்கக் கூடாது, வயிற்றைக் கலக்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் சர்வீஸில் நான் ஒரு நாளும் அப்படி இறங்கிப் போனதில்லை. நீ மட்டும் யாரைக் கேட்டு இறங்கிப் போனாய், அன்றைக்கு உனக்கு வீக்லி ஆஃபா என்று சாமியைக் கேட்டேன். மேலேயிருந்து மணிச்சத்தம் வந்தது, யாரோ கொடுத்துவைத்தவர்கள் அடித்தது. எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பேப்பர் போதாது. ஒருவர் வந்து விதி என்கிறார், ஒருவர் போன ஜென்மம் என்கிறார், ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாஸ்து பார்க்கிறார். நல்லவங்களத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும் என்று உன் பெரியம்மா சொன்னாள், அப்படியானால் நாம் எல்லாரும் கெட்டவர்கள்தானே என்று கேட்டுவிட்டேன், அவள் காப்பி குடிக்காமல் போய்விட்டாள். இன்னொன்றும் எல்லாரும் சொல்கிறார்கள், உன் காதுக்கும் வந்திருக்கும், சத்யா வயித்துல சுபாஷே வந்து பொறப்பான் பாருங்க என்று. ஆசையாகத்தான் சொல்கிறார்கள், எனக்கும் கேட்கும்போது ஒரு நிமிஷம் சபலமாக இருந்தது. ஆனால் கண்ணு, அதை நீ நம்பாதே. பிறக்கப்போவது உன் பிள்ளை. அதுவாகப் பிறக்கட்டும், அதற்குப் பிடித்த மாதிரி அழட்டும், சிரிக்கட்டும். பிறக்கும் முன்பே செத்துப்போனவனை அதன் தலையில் ஏற்றிவைத்தால் அந்தப் பச்சை உடம்பு எப்படித் தாங்கும். பெண்ணாகப் பிறந்தால் இவர்களெல்லாம் முகத்தைத் தொங்கப் போடுவார்களா என்ன. இதைப் பற்றி யார் போன் பண்ணினாலும் எடுக்காதே, அப்பா சொன்னேன் என்று சொல்.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை கோபி வந்தான். சுபாஷோடு ஒரே லைனில் வேலை பார்த்தானே, தொரப்பள்ளிக்காரன், உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினானே, அவன்தான். கூட ஒரு அம்மாளையும் அழைத்து வந்தான். பெயர் சென்னம்மா, ஜூஜுவாடிப் பக்கம் ஏதோ கிராமம், நெடுஞ்சாலை நடுவில் இருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற காண்டிராக்ட் வேலை. கம்பெனிப் பையன்கள் ஜூஜுவாடி பஸ் ஸ்டாப்பில் சுபாஷ் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு அதற்குக் கீழே நின்றுகொண்டு வருகிற போகிற பையன்களையெல்லாம் இந்தத் தம்பி வீடு எங்க, இந்தத் தம்பி வீடு எங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் கோபி கண்ணில் பட்டிருக்கிறாள். உள்ளே வரமாட்டேன் என்று கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். உன் அம்மா எட்டிப் பார்த்ததும் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு, என்னெ மன்னிச்சிடுக்கா, உம் மவன் தண்ணி கேட்டாரு, நா குடுக்கல, குடுக்கலக்கா என்று கத்திவிட்டாள்.

 எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு இத்தனை நாள் இருந்தோமோ அதற்குப் பதில் வாசலில் வந்து விழுந்து கிடக்கிறது, அதுவும் இப்படிப்பட்ட பதில். உன் அம்மா அவளை அடிக்கப் போகிறாளோ என்று நினைத்தேன். அவள் கீழே உட்கார்ந்து, ஏன் தாயி குடுக்கல என்று மட்டும் கேட்டாள். சென்னம்மா தேம்பித் தேம்பிச் சொன்னாள். விழுந்த சத்தம் கேட்டு இவள்தான் முதலில் ஓடியிருக்கிறாள், தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாளாம். கூட்டம் சேர்ந்துவிட்டது, மாநில எல்லைக்கு இந்தப் பக்க ஆம்புலன்ஸுக்குச் சொல்வதா அந்தப் பக்க ஆம்புலன்ஸுக்குச் சொல்வதா என்று தமிழிலும் கன்னடத்திலும் பேசிக்கொண்டு நின்றார்களாம். இவள் பாட்டிலைத் திறந்ததும், ஏய் தண்ணி குடுக்காத, அடிபட்டவனுக்குத் தண்ணி குடுத்தா உசுரு போயிடும் என்று நாலு பேர் கத்தியிருக்கிறார்கள். பயத்தில் மூடிவிட்டாள். அவன் மறுபடியும் கேட்டிருக்கிறான். மனசு கேக்கலக்கா, முந்தானிய நனைச்சி ஒதட்டுல வெச்சேன், அவ்ளோதான், ஒரு வாய் ஊத்தியிருக்கலாம், போற உசுரு குடிச்சிட்டாவது போயிருக்கும், அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல என்றாள்.

உன் அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எப்புடி வெச்ச, காட்டு என்றாள். சென்னம்மாவுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தாள், எனக்கும் புரியவில்லை. எம்புள்ளைக்கு எப்புடி வெச்ச, அப்புடியே எனக்கு வெச்சுக் காட்டு தாயி என்றாள். அந்த அம்மாள் முந்தானையைச் சொம்பில் நனைத்து உன் அம்மாவின் உதட்டில் வைத்தாள். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கைக்குழந்தை பால் குடிக்கிற மாதிரி அந்தத் துணியை உறிஞ்சினாள். மறுபடி நனை என்றாள், மறுபடி உறிஞ்சினாள். அப்புறம்தான் அழுதாள் சத்யா. அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட மரக்கட்டையாக நின்றாளே, அந்த அழுகையெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் கோபியும் வெளியே போய் கோபியின் பைக் பக்கத்தில் நின்றுகொண்டோம், அவன் சம்பந்தமே இல்லாமல் பிரேக் கேபிளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி உள்ளே போனபோது உன் அம்மா, மலையில இருக்க மரகதாம்பாதாங்க எறங்கி வந்து எம்புள்ளைய மடியில போட்டுக்கிட்டிருக்கா என்று என்னிடம் சொல்லிக் கை கூப்பினாள். சென்னம்மா பதறிப்போய் எழுந்துவிட்டாள். ஐயோ அப்டி சொல்லாதக்கா, பாவம் வந்துடும், நா எழுந்து போய்டணும்னுதான் பாத்தேன் என்றாள். சூப்பர்வைசர் வேன் வருகிற நேரமாம், வேலையை விட்டுவிட்டு நின்றால் கத்துவார். போலீஸ், கேஸ், சாட்சி என்று இழுத்தடிப்பார்களே என்ற பயம் வேறு. நா ஒண்ணும் நல்லவ இல்ல, ரெண்டு தரம் எழுந்துக்கப் பாத்தேன், உம் மவன் கை என் சீலைய புடிச்சிக்கினு விடவே இல்ல, அவரு புடிச்சிக்கினு இருக்கசொல்ல நா எப்டி உதறிட்டுப் போறது என்றாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட விரலைப் பிரிக்க முடியவில்லையாம், வந்த பையன் கத்தரியால் முந்தானை ஓரத்தை வெட்டிவிட்டு அப்படியே ஏற்றினானாம். உன் அம்மா பீரோவைத் திறந்து அந்தப் பச்சைத் துணியை எடுத்து வந்து காட்டினாள். சென்னம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆமாக்கா, என்துதான் என்றாள்.

அதிலிருந்து நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டாயே, அன்றைக்குக் காலையில் சாமி எங்கே போனது என்று. எனக்குத் தெரியாது கண்ணு. போகவில்லை, அங்கேதான் இருந்தது என்று உனக்குச் சத்தியம் செய்து கொடுக்க என்னால் முடியாது. அந்த வண்டியைத் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை, அதை நான் என்றைக்கும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் போய்விட நினைத்த ஒருத்தி, போவதற்கு எல்லாக் காரணமும் இருந்த ஒருத்தி, அவன் பிடித்த பிடியால் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷம் நான் மலை ஏறிக் கும்பிட்டவளும் அப்படித்தானோ என்று தோன்றுகிறது. எல்லாவற்றையும் தடுக்கிற பலம் அவளுக்கு இருக்கிறதோ இல்லையோ, சேலையைப் பிடித்துக்கொண்டவனை உதறிவிட்டு எழுந்து போகிற மனசு மட்டும் அவளுக்குக் கிடையாது போலிருக்கிறது. அன்பு என்றால் இவ்வளவுதானா என்று நீ கேட்பாய். எனக்கும் இது போதவில்லை. எனக்கு என் பிள்ளை வேண்டும், அவன் பைக்கைக் கேட்டுக்குள் ஏற்றுகிற சத்தம் வேண்டும். ஆனால் இது ஒன்றுமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவன் அந்தத் தார் ரோட்டில் தலை கிடத்திச் சாகவில்லை, ஒரு மடியில் கிடந்தான். இதை நினைத்துக்கொண்டால் ஒரு வாய் சோறு இறங்குகிறது, அப்புறம் மறுபடியும் அடைத்துக்கொள்கிறது.

இதனால் வீட்டில் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, அவனுக்கு முதல் ஷிப்ட் வாரம், உன் அம்மா இருட்டோடு எழுந்து எலுமிச்சம்பழ சாதம் கிளறி டப்பாவில் கட்டிவிட்டாள். அவன் கிளம்புகிற நேரம் தாண்டிய பிறகு அதை அவளே திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் சாப்பிட்டாள், ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடித்தாள். செவ்வாய்க்கிழமை மறுபடியும் படுத்துக்கொண்டாள், எழவே இல்லை, நான்தான் ரசம் வைத்தேன், உப்பை மறந்துவிட்டேன், அவள் அதைச் சொல்லக்கூட இல்லை. ஒரு நாள் தேறுகிறாள், ஒரு நாள் விழுகிறாள். உன் பிரசவத்துக்கு வருவாளா என்று கேட்டால் முன்பெல்லாம் தலையை ஆட்டி மறுத்துவிடுவாள். நேற்று, அங்க அவ்வளவு குளிராமே, இவ கம்பளிச் சட்டை போடுறாளா இல்லையா என்று கேட்டாள். வருவாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பாஸ்போர்ட்டை எடுத்துக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். படத்தைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடு என்று சொல்ல மாட்டேன், அங்கேயே கிடக்கட்டும், அதற்கும் மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று தெரியட்டும். திட்ட வேண்டும் போலிருந்தால் நன்றாகத் திட்டு, என்னைவிட உனக்கு வாய் ஜாஸ்தி, தமிழில் திட்டினால் அங்கே யாருக்கும் புரியப்போவதில்லை. ஆனால் திட்டும்போதும் பிடித்துக்கொண்டே திட்டு. எனக்கு யாரும் வேண்டாம் என்று கையை உதறிவிடாதே. சாமியை விட்டுவிட்டாய் சரி, மாப்பிள்ளையையும் விட்டு, சோற்றையும் விட்டு, வயிற்றில் இருக்கிறதையும் மறந்துவிட்டு நீ பாட்டுக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன், இன்னொன்றைக் கொடுக்க என்னிடம் தெம்பு இல்லை. மாப்பிள்ளை தட்டை நீட்டினால் வாங்கிக்கொள், பசிக்காவிட்டாலும் நாலு வாய் சாப்பிடு. மாத்திரையைத் தள்ளிப்போடாதே. ஒருக்களித்துப் படு. நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது, இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. சென்னம்மாவை ஷேர் ஆட்டோ ஏற்றிவிட ரோடு வரைக்கும் போனேன். ஆட்டோ வருவதற்குள் அவள் மெல்ல, சார், சத்யாக்கான்னா யாருங்க என்று கேட்டாள். என் மக, அவனுக்கு அக்கா, வெளிநாட்டுல இருக்கு, வயித்துப் புள்ளைக்காரி, டாக்டர் பிளேன் ஏறக் கூடாதுன்னுட்டாங்க, வர முடியல என்றேன்.  அவங்களத்தான் கூப்புட்டுக்கினு இருந்தாரு சார், கடசி வரைக்கும் அந்தப் பேருதான், ஆத்தாகிட்ட சொன்னா இன்னும் அழுவாங்களோன்னு சொல்லல என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், எம் பேரு அது இல்லன்னு தெரியும் சார், ஆனா ஒருத்தரு அப்டி கூப்புட்டுக்கினே இருக்கசொல்ல பதிலு வரலன்னா மனசு எப்டி இருக்கும், அதனால இருக்கேன் கண்ணு, அக்கா இங்கதான் இருக்கேன்னு காதுல சொன்னேன், சொன்னதும் மொகம் அப்டியே அடங்கிடுச்சி, நா சொன்னது தப்புங்களா என்றாள்.  நடு ரோட்டில், வண்டிகள் போகிற வருகிற இடத்தில், அவளை விழுந்து கும்பிட்டுவிட்டேன் சத்யா. நான் போக முடியலையே, அவன் முகத்தைப் பார்க்க முடியலையே என்று நீ தலையில் அடித்துக்கொள்கிறாயாம். அவன் உன்னைக் கூப்பிட்டான், பதில் கேட்டுவிட்டுத்தான் போனான்.

நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சிசுவும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் வாழ்த்துகிறோம். யாரை வேண்டிக்கொண்டு வாழ்த்துகிறேன் என்று கேட்காதே, பழக்கம். கடிதத்தோடு நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன், உன் அம்மா போட்டதுதான், காரம் குறைவு, கஞ்சிக்குத் தொட்டுக்கொள். இதைப் படித்து முடித்ததும் எந்த நேரமாக இருந்தாலும் போன் பண்ணு. நீ அழுதால் இந்தத் தடவை கட் பண்ண மாட்டேன்.

இருக்கேன் கண்ணு, இங்கதான் இருக்கேன்.

உன் அப்பா,
சௌந்தரராஜன்